ஸ்ப்ரே அடிச்சும் உண்ணி ஏறுதா? கணுக்கால்ல இருந்து ஆரம்பிங்க

கேள்வி சுருக்கமா இதுதான். வேட்டைக்கும் ஹைக்கிங்குக்கும் அடிக்கடி காட்டுக்குள்ள போறவரு, முழுக்கை சட்டை போட்டு கை, கழுத்து எல்லாம் கொசு ஸ்ப்ரே அடிச்சுட்டுதான் போறாராம். ஆனாலும் போன வாரம் திரும்பி வந்து ரெண்டு நாள் கழிச்சு இடுப்புல பெல்ட் கட்டற இடத்துல ஒரு உண்ணி ஒட்டியிருந்துச்சாம். எங்க தப்பு பண்றேன்னு கேக்கறாரு.

தப்பு ஸ்ப்ரேல இல்லைங்க, அடிச்ச இடத்துல. கொசு பறந்து வரும், அதனால திறந்திருக்கற கையும் கழுத்தும்தான் அதுக்கு இலக்கு. உண்ணிக்கு றெக்கையும் கிடையாது, குதிக்கவும் தெரியாது, மரத்துல இருந்து தொப்புனு தலையில விழும்னு சொல்றதும் கட்டுக்கதை. அது புல்லு நுனியிலயோ சின்னச் செடி மேலயோ ஏறி, பின்னங்கால்ல இலையைப் பிடிச்சுக்கிட்டு முன்னங்கால் ரெண்டையும் பிச்சைக்காரன் கை நீட்ற மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். முன்னங்கால்ல ஒரு உணர்வு உறுப்பு இருக்கு, ஹாலர் உறுப்புன்னு பேரு, நாம விடற மூச்சுல இருக்கற கார்பன் டை ஆக்சைடு, உடம்பு சூடு, வேர்வை வாசனை எல்லாத்தையும் அதை வச்சுத்தான் மோப்பம் பிடிக்கும். நீங்க உரசிக்கிட்டு போனா போதும், ஒட்டிக்கும். பெரும்பாலும் ஒட்றது ஷூவுலயோ முழங்காலுக்குக் கீழயோதான், அங்க இருந்து பேன்ட்டுக்கு வெளியவோ உள்ளவோ மேல மேல ஊர்ந்து, தோல் மெல்லிசா இருக்கற இடமோ எலாஸ்டிக் பெல்ட் மாதிரி தடுக்கற இடமோ வந்தா நின்னு கடிக்கும். உங்க இடுப்புல இருந்தது இந்த வழியாத்தான் ஏறியிருக்கும். தலையில உண்ணி கிடைச்சா மேல இருந்து விழுந்துச்சுன்னு நினைக்கறோம், அது பாவம் கணுக்கால்ல இருந்து மலையேறி வந்திருக்கும்.

அதனால முதல் வேலை காலு. பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விடுங்க, சட்டையை பேன்ட்டுக்குள்ள விடுங்க. பாக்கறதுக்கு கொஞ்சம் கோமாளி மாதிரி இருக்கும்தான், ஆனா உண்ணி துணிக்கு வெளியவே ஏறும், வெளிய இருந்தா கண்ணுல படும். வெளிர் நிற துணி போடுங்கன்னு எல்லாரும் சொல்றது இதுக்குத்தான், அது உண்ணியை விரட்டாது, நமக்குத் தெரியறதுக்கு உதவும், அவ்வளவுதான். வேட்டைக்காரங்களுக்கு இது சரிப்படாது, காட்டோட கலந்து மறையறதுக்குப் போடற கேமோ துணியில எள்ளு அளவு பூச்சியைத் தேடறது நடக்கற காரியமா. அதுக்குப் பதிலா கணுக்கால் மேல ஒரு சுத்து டேப்பை பசை வெளிய தெரியற மாதிரி சுத்தி விடுங்க, ஏறி வர்றதுல நிறைய அதுலயே மாட்டும். உயரமான ரப்பர் பூட்ஸும் நல்லது, வழுக்கும், பிடிமானம் கிடைக்காது.

அடுத்தது பெர்மெத்ரின். என்னைக் கேட்டா உண்ணி விஷயத்துல ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும்னா இதைத்தான் வாங்குவேன். இது தோல்ல பூசறது இல்ல, துணிக்கும் ஷூவுக்கும் மட்டும். சாமந்தி வகைப் பூ ஒண்ணுல இருந்து எடுக்கற பைரித்ரம்னு ஒரு பூச்சிமருந்து இருக்கு, அதைப் பாத்து லேப்ல செஞ்ச செயற்கைச் சரக்கு. விரட்டறதோட நிக்காது, அந்தத் துணி மேல கொஞ்ச நேரம் நடந்தாலே உண்ணிக்கு காலெல்லாம் சூடு பட்ட மாதிரி தடுமாறி கீழ விழும், நிறைய செத்தும் போகும். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகக்காரங்க செஞ்சு 2011ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, பெர்மெத்ரின் போட்ட ஷூவும் சாக்ஸும் போட்டவங்களுக்கு, போடாதவங்களை விட, உண்ணி கடிக்கற வாய்ப்பு சுமார் 74 மடங்கு குறைவுன்னு. கவனிங்க, சட்டை இல்ல தொப்பி இல்ல, ஷூவும் சாக்ஸும்.

போடற விதம் முக்கியம். துணிக்குன்னே வர்ற 0.5 சதவீத ஸ்ப்ரேதான் வாங்கணும், வயலுக்கு அடிக்கற கெட்டி மருந்தை நானே கலக்கிக்கறேன்னு இறங்காதீங்க. வெளியில காத்தோட்டமா துணியைத் தொங்க விட்டு, கையுறை போட்டுக்கிட்டு, துணி ஈரமாகற அளவுக்கு அடிங்க. பேன்ட் கால் ஓரத்தை உள்பக்கமும் திருப்பி அடிங்க, ஷூ நாக்கு, லேஸ், சாக்ஸ் எல்லாத்துக்கும் அடிங்க. நல்லா காயணும், சில மணி நேரம் ஆகும், காஞ்சப்புறம்தான் போடணும். வீட்ல பூனை இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, ஈரமா இருக்கற பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், உயிருக்கே ஆபத்து. மீனுக்கும் ஆகாது, அதனால ஓடைப் பக்கத்துல வச்சு அடிக்கறது, மிச்சத்தைத் தண்ணியில கொட்டறது ரெண்டும் கூடாது. நாமளே அடிச்சது சுமார் ஆறு வாரம் இல்லைன்னா ஆறு தடவை துவைக்கற வரைக்கும் தாங்கும், கம்பெனியிலயே ஏத்தி வர்ற துணி 70 துவைப்பு வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க. வேட்டைக்காரங்க எப்பவும் கேக்கற கேள்வி, மானுக்கு வாசனை தெரியாதா? காஞ்சப்புறம் மனுஷ மூக்குக்கு வாசனை சுத்தமா தெரியாது, மான் மூக்கு எப்படின்னு மானைத்தான் கேக்கணும், ஆனா நான் பாத்த வரைக்கும் அதனால வேட்டை கெட்டதில்ல. சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அடிச்சு வெளியில தொங்க விட்டுட்டா மனசுக்கும் நிம்மதி.

தோல்ல பூசற விரட்டி மருந்துன்னா ரெண்டு இருக்கு, டீட், பிக்காரிடின், ஏதாவது ஒண்ணு போதும். டீட் 1946ல அமெரிக்க ராணுவத்துக்காகக் கண்டுபிடிச்சது, இன்னைக்கும் நல்லாதான் வேலை செய்யுது. 20ல இருந்து 30 சதவீதம் போதும், சதவீதம் கூடினா பலம் கூடாது, தாங்கற நேரம்தான் கூடும், இதை நிறைய பேரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டு 100 சதவீதம் தேடி அலையறாங்க. டீட்ல ஒரு தொல்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பைனாகுலர் ரப்பர், வாட்ச்சோட பிளாஸ்டிக் கண்ணாடி, துப்பாக்கி மேல இருக்கற பாலிஷ், சில செயற்கைத் துணி எல்லாம் போயிரும். கையில டீட்டோட ஸ்கோப்பைத் தொட்டு அதுல என் கைரேகை நிரந்தரமாப் பதிஞ்சு போச்சு, அன்னையில இருந்து நான் 20 சதவீத பிக்காரிடினுக்கு மாறிட்டேன், அது பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது, வாசனையும் கம்மி. லெமன் யூகலிப்டஸ் எண்ணெய்னு மருந்தா பதிவு பண்ணி விக்கறதும் வேலை செய்யும், ஆனா மூணு வயசுக்குக் கீழ குழந்தைங்களுக்குப் போடக்கூடாது. சன்ஸ்கிரீன் போடறதா இருந்தா அது முதல்ல, இது மேல. பூண்டு மாத்திரை, அல்ட்ராசவுண்ட் மெஷின் இதெல்லாம் உங்க இஷ்டம், நான் நம்ப மாட்டேன்.

இப்ப எங்க நடக்கறீங்க, எங்க உக்கார்றீங்கன்னு பாப்போம், ஏன்னா இது இலவசம். உண்ணிக்கு வெயிலும் வறட்சியும் ஆகாது, சீக்கிரம் காஞ்சு போயிரும். அதனால ஈரமான சருகு, நிழல், உயரப் புல்லு, பாதையோட ரெண்டு ஓரம், காடும் வெட்டவெளியும் சேர்ற எல்லை, இங்கதான் கூட்டம். மான், எலி நடமாட்டம் இருக்கற தடத்துல அதிகம், வேட்டைக்காரன் போறதும் அதே தடம்தான், என்ன பண்றது. ஹைக்கிங் போறவங்க பாதை நடுவுல நடங்க, ஆளை முந்தறதுக்காகப் புல்லுக்குள்ள இறங்காதீங்க. அப்புறம் விழுந்து கெடக்கற மரம். களைச்சுப் போய் அதுல உக்காந்து தண்ணி குடிக்கறோம்ல, கலிபோர்னியாவுல காட்டுக்குள்ள யாரு எந்த வேலை செஞ்சா எவ்வளவு குட்டி உண்ணி ஏறுதுன்னு பாத்தாங்க, மரக்கட்டை மேல உக்கார்றதுதான் மோசமான வேலையா வந்துச்சு, விறகு பொறுக்கறதும் மரத்துல சாஞ்சு உக்கார்றதும் அதுக்கு அடுத்து. பாறை மேல உக்காருங்க, இல்லைன்னா கையில ஒரு மடக்கு ஸ்டூல் வச்சுக்கோங்க. மறைவுல அசையாம மணிக்கணக்கா மரத்துல முதுகு சாச்சு உக்கார்ற வேட்டைக்காரங்க, சட்டை முதுகுக்கும் உக்கார்ற மெத்தைக்கும் பெர்மெத்ரின் அடிச்சே ஆகணும்.

எல்லா உண்ணியும் நின்ன இடத்துல காத்துக்கிட்டிருக்கற ஜாதியும் இல்ல. லோன் ஸ்டார்னு அமெரிக்காவுல ஒண்ணு, ஹயலோம்மான்னு ஆப்பிரிக்கா, ஆசியா, தெற்கு ஐரோப்பாவுல ஒண்ணு, இதெல்லாம் ஆளைப் பாத்தா தரையில ஓடியே வரும். அங்கெல்லாம் நின்ன இடத்துலயே ரொம்ப நேரம் நிக்கறது நல்லதில்ல.

சீசன் பத்தி ஒரு வார்த்தை. குளிர் வந்தா உண்ணி போயிரும்னு நினைக்கறது வேட்டைக்காரங்க பண்ற பெரிய தப்பு. உண்ணி கடிச்சு வர்ற பாக்டீரியா நோய் ஒண்ணு, லைம் நோய்னு பேரு, அதை அமெரிக்காவுல பரப்பற கறுப்புக்கால் உண்ணி இருக்குல்ல, அதுல வளந்தது அதிகமா நடமாடறதே இலையுதிர் காலத்துலதான், அக்டோபர் நவம்பர், சரியா மான் வேட்டை சமயம். வெப்பம் 4 டிகிரிக்கு மேல ஏறற எந்தக் குளிர்கால நாள்லயும் வெளிய வரும். ஹைக்கிங் கூட்டத்துக்கு ஆபத்து வேற மாதிரி, மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் நிம்ஃப்னு சொல்ற குட்டி உண்ணி. வளந்தது எள்ளு அளவுன்னா இது கசகசா அளவு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது, மனுஷனுக்கு லைம் நோய் வர்றதுல பெரும்பங்கு இந்தக் கசகசாதான். எனக்கு ஒரு தடவை முட்டிக்குப் பின்னாடி ஒண்ணு இருந்துச்சு, மச்சம்னு நினைச்சு விட்டுட்டேன், மறுநாள் குளிக்கும்போது மச்சத்துக்குக் காலு இருந்துச்சு.

கடிக்கும்போது வலிக்காது, அதான் சிக்கல். எச்சில்லயே மரத்துப் போற மருந்தை வச்சிருக்கு, வாய்ல பின்னோக்கி இருக்கற முள்ளு, நிறைய ஜாதி சிமென்ட் மாதிரி ஒரு பசையையும் விட்டு ஒட்டிக்கும். அதனால தேடித்தான் கண்டுபிடிக்கணும். வீடு வந்ததும் வாசல்லயே துணியைக் கழட்டி நேரா ட்ரையர்ல போடுங்க, துவைக்கறதுக்கு முன்னாடி. நல்ல சூட்டுல 10 நிமிஷம் ஓடினா காஞ்ச துணியில இருக்கற உண்ணி செத்துரும், அதுக்கு ஈரப்பதம் இல்லாம வாழ முடியாது. முதல்ல பச்சைத்தண்ணியில துவைச்சா அது ஹாயா நீந்திட்டு வெளிய வரும், ஏற்கனவே துவைச்சுட்டா ட்ரையர்ல அதிக நேரம் விடணும், துவைக்கறதா இருந்தா 54 டிகிரிக்கு மேல சுடுதண்ணி. பேக்பேக்கையும் மறக்காதீங்க, அதுல ஒளிஞ்சு வந்து ராத்திரி சோபாவுல ஏறும்.

ரெண்டு மணி நேரத்துக்குள்ள குளிங்க. ஒட்டாம ஊர்ந்துக்கிட்டு இருக்கறது தண்ணியில போயிரும், அதை விட முக்கியம் உடம்பு முழுக்கத் தடவிப் பாக்கறதுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். அக்குள், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின் மடிப்பு, தொப்புள், காதுக்குப் பின்னாடி, முடிக்குள்ள, கால் விரல் இடுக்கு, பெல்ட் வரி. கண்ணை விட விரல் நுனி நல்லாக் கண்டுபிடிக்கும், சின்னதா காஞ்ச புண்ணு மாதிரி தட்டுப்படும். முதுகுக்குக் கண்ணாடி, இல்லைன்னா கூட இருக்கறவங்க. நீங்க ரெண்டு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, உங்க விஷயத்துல இதுதான் பெரிய ஓட்டை, ஏறினது கூட இரண்டாம்பட்சம்.

ஏன் நேரம் முக்கியம்னு சொல்றேன். லைம் பாக்டீரியா உண்ணியோட குடல்ல இருக்கு, ரத்தம் குடிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் அது எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து வரும், பொதுவா 24 மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருந்தாதான் நமக்குள்ள இறங்கும். அன்னைக்கே எடுத்துட்டா பெரும்பாலும் தப்பிச்சிரலாம். ஆனா எல்லா நோய்க்கும் இந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பா, வடக்கு ஆசியாப் பக்கம் இருக்கற உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸ் எச்சில்லயே இருக்கறதால கடிச்ச கொஞ்ச நேரத்துலயே இறங்கும், பொவாசன்னு இன்னொரு உண்ணி வைரஸ் 15 நிமிஷத்துலயே இறங்க முடியும்னு எலி வச்சுப் பாத்திருக்காங்க. ஐரோப்பிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கு, அந்தப் பக்கம் அடிக்கடி காட்டுக்குப் போறவங்க போட்டுக்கோங்க. 1957ல கர்நாடகாவுல ஷிமோகா பக்கம் குரங்கு கூட்டமா செத்ததுல கண்டுபிடிச்ச கியாசனூர் காட்டுக்காய்ச்சலும் உண்ணியாலதான். ஆனா தமிழ்ல உண்ணிக்காய்ச்சல்னு பேப்பர்ல எழுதறாங்களே, ஸ்க்ரப் டைபஸ், அது இந்த உண்ணி இல்ல, மைட்னு வேற ஒரு பொடிப்பூச்சியோட குஞ்சு கடிச்சு வர்றது, குழப்பிக்காதீங்க.

எடுக்கற முறைக்கு நுனி கூரான ட்வீசர் ஒண்ணு எப்பவும் பைல இருக்கணும். தோலை ஒட்டி, உண்ணியோட வாய்ப் பக்கம் பிடிச்சு, நேரா மேல நிதானமா இழுங்க, திருகாதீங்க, வெடுக்குனு பிடுங்காதீங்க. உப்பின வயித்தைப் பிடிச்சு நசுக்கினா உள்ள இருக்கறதை உங்களுக்கே ஊசி போட்ட மாதிரி ஆயிரும். வாய் முள்ளு உள்ள நின்னா நோண்டி எடுக்காதீங்க, அதால நோய் வராது, முள்ளு குத்தின மாதிரி தானா வெளிய தள்ளிரும். வாசலின் தடவறது, நெயில் பாலிஷ் ஊத்தறது, தீக்குச்சி சூடு காட்டறது, இதெல்லாம் தாத்தா காலத்து வைத்தியம், உண்ணி எரிச்சல்ல வாந்தி மாதிரி கக்கி வைக்கறதுதான் மிச்சம், அது தானா கழண்டுக்கற வரைக்கும் காத்திருக்கறதும் நேர விரயம். எடுத்தப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்க, ஆல்கஹால் துடைங்க. உண்ணியை விரல்ல நசுக்காம டேப்ல ஒட்டி தேதி எழுதி வைங்க, டாக்டர் என்ன ஜாதின்னு பாத்தா அவருக்கு வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

வேட்டைக்காரங்களுக்குன்னு தனியா ஒண்ணு, இதை யாரும் அவ்வளவா சொல்றதில்ல. மான் செத்து உடம்பு ஆற ஆரம்பிச்சதும் அது மேல இருக்கற உண்ணியெல்லாம் வேற வீடு தேடிக் கிளம்பும், பக்கத்துல சூடா இருக்கறது நீங்கதான். தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு வர்றது, மடியில இழுத்துக்கிட்டு வர்றது, வண்டியில சீட்டுக்குப் பின்னாடி போடறது எல்லாம் அதுங்களுக்கு பஸ் ஏத்தி விட்ட கதை. தூக்காம ஒரு ஷீட்டுல போட்டு இழுங்க, வண்டிக்கு வெளிப்பக்கம் கட்டுங்க, வீட்டுக்குத் தள்ளித் தொங்க விடுங்க. உரிக்கும்போது கையுறை கட்டாயம், அது உண்ணிக்காக மட்டும் இல்ல, ஹயலோம்மா உண்ணி இருக்கற நாடுகள்ல கிரிமியன் காங்கோ காய்ச்சல் மிருக ரத்தம் பட்டாலும் வரும், உண்ணியை விரல்ல நசுக்கினாலும் வரும். வேலை முடிஞ்சதும் இன்னொரு தடவை உடம்பைப் பாருங்க, காலையில பாத்தாச்சுன்னு விடாதீங்க.

நாய் கூட்டிட்டுப் போறவங்க அதுக்கு மாத்திரையோ காலரோ கால்நடை டாக்டரைக் கேட்டுப் போடுங்க, காது மடிப்பு, விரல் இடுக்கு, காலருக்கு அடியில தடவிப் பாத்துட்டு வீட்டுக்குள்ள விடுங்க. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு மட்டும் போட்ராதீங்க.

கடிச்சப்புறம் ஒரு மாசம் கவனிங்க. லைம்னா 3ல இருந்து 30 நாளைக்குள்ள கடிச்ச இடத்துல ஒரு சிவப்பு பரவிக்கிட்டே போகும், சில சமயம் நடுவுல வெளுத்து வில்வித்தைப் பலகை மாதிரி இருக்கும், பத்துல ஏழெட்டு பேருக்கு வரும், மிச்ச பேருக்கு வராமயே நோய் இருக்கும். கடிச்ச அன்னைக்கே சின்னதா சிவக்கறது அது இல்ல, அலர்ஜி, ரெண்டு நாள்ல போயிரும். 1970கள்ல அமெரிக்காவுல கனெக்டிகட்ல லைம்னு ஒரு ஊர்ல குழந்தைங்களுக்கு மூட்டு வீங்கறதை வச்சுத்தான் இந்த நோயே வெளிய வந்துச்சு, கிருமியை 1982ல அடையாளம் காட்டினவர் வில்லி பர்க்டார்ஃபர்னு ஒரு விஞ்ஞானி, அதான் கிருமி பேர்லயே அவர் பேரும் இருக்கு. ராக்கி மலைக் காய்ச்சல்னு ஒண்ணு வேற, காய்ச்சல், தலைவலி, அப்புறம் மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் புள்ளி, அதுக்கு முதல் அஞ்சு நாளைக்குள்ள டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலைன்னா உயிரே போகலாம், டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கற நோய் இல்ல. லோன் ஸ்டார் கடிச்சவங்க சிலருக்கு ஆட்டுக்கறி மாட்டுக்கறி சாப்பிட்டு ரெண்டுல இருந்து ஆறு மணி நேரம் கழிச்சு உடம்பு தடிச்சு மூச்சு முட்டும், ஆல்ஃபா-கேல் (alpha-gal) அலர்ஜின்னு பேரு, வேட்டைக்காரனுக்கு இதை விட ஒரு தண்டனை இருக்கா.

உங்க விஷயத்துக்கு வர்றேன். இடுப்புல ரெண்டு நாள் இருந்துச்சுன்னு சொல்றீங்க, எடுத்து ஒரு வாரம் ஆயிருக்கும். லைம் அதிகமா இருக்கற ஏரியாவுல கறுப்புக்கால் உண்ணி ஒன்றரை நாளாவது ஒட்டியிருந்தா, எடுத்து 72 மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுக்கறது உண்டு, டாக்டர்தான் முடிவு பண்ணணும், உங்களுக்கு அந்த நேரம் தாண்டிருச்சு. இப்பவே ரத்த டெஸ்ட் எடுத்தா எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்காது, நெகட்டிவ்னு வந்து ஏமாத்தும். கடிச்ச இடத்தைச் சுத்தி பேனாவுல ஒரு வட்டம் போட்டு இன்னைக்கு ஒரு போட்டோ எடுங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அதே மாதிரி எடுங்க. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல், உடம்பு வலி, மூட்டு வீக்கம், முகம் ஒரு பக்கம் இழுக்கறது எது வந்தாலும், டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே "என்னை உண்ணி கடிச்சுது, இந்தத் தேதியில"ன்னு சொல்லுங்க, ஏன்னா நீங்க சொல்லலைன்னா அவருக்கு அது வெறும் காய்ச்சல்தான்.